இருபத்திரண்டாம் நிமிடம்

மூக்கக்காவின் குளியலறையில் சோப்பு கிடையாது. பற்பசை கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது. வெறும் வெந்நீரில் குளித்து, உப்பைத் தொட்டுப் பல் துலக்கி, மாமனார் குடிக்கும் காப்பியை எட்ட நின்று முறைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டுதலும் இல்லை, வைராக்கியமும் இல்லை. முகர்ந்து பார்ப்பது அவள் உத்தியோகம்.

கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். வேலைச் சட்டையோடு அவர் வீட்டுக்குள் நுழைய முடியாது. வாசலிலேயே கழற்றி ஒரு மூடி போட்ட வாளியில் போட வேண்டும்.

"உழைச்சுட்டு வர்ற புருஷன ஜட்டியோட வாசல்ல நிக்க வைக்கிற ஒரே பொம்பள நீதான்டி," என்பார்.

"நிக்க வேணாம், ஓடி வாங்க," என்பாள் அவள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இந்த மூக்கை அவள் வரமாக நினைத்ததே இல்லை. பேருந்தில் ஏறினால் யார் நேற்றுக் குளிக்கவில்லை, யார் வேறு யாருடைய வாசனையைச் சுமந்துகொண்டு வருகிறார், யார் ஈறு சீழ் பிடித்ததை ஏலக்காய் மென்று மறைக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்காமலே பிறர் டைரியைப் படிப்பதுபோல. பக்கத்து இருக்கையில் சென்ட் பூசிய கனவான் வந்து உட்கார்ந்தால் குமட்டும். சென்ட்டினால் அல்ல. சென்ட்டுக்குக் கீழே இருப்பதால்.

அவள் வேலை செய்த ஆய்வுக்கூடம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. பெர்ரிப் பழங்களைச் சோதிப்பதுதான் அங்கே பிரதான வேலை. ஓர் அறையில் பழத்தில் உடம்புக்கு நல்லது செய்யும் சத்துக்கள் எவ்வளவு என்று அளப்பார்கள்: அந்தக் கறுஞ்சிவப்பு நிறச்சத்து, வைட்டமின், இன்னும் என்னென்னவோ. அடுத்த அறையில் வாசனை. பழத்தின் ஆவியை ஒரு மெஷின் உறிஞ்சி, சூடான அடுப்புக்குள் சுருட்டி வைத்த முடி போன்ற குழாய் வழியாக அனுப்பும். பழத்துக்குள் கலந்து கிடந்த வாசனைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் தன் நிமிடத்தில் வெளியே வரும். பாதி ஆவி திரைக்குப் போய் மலை மலையாகக் கோடு போடும். மீதிப் பாதி ஒரு கண்ணாடிக் கூம்பின் வழியாக மூக்கக்காவின் முகத்துக்கு வரும்.

முப்பது நிமிடம் அசையாமல் கூம்பில் மூக்கை வைத்து உட்கார்ந்திருப்பாள். வாசனை வந்தால் பொத்தானை அழுத்தி, என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். மெஷினுக்குத் தெரியாத நுணுக்கமெல்லாம் மூக்குக்குத் தெரியும். திரையில் ஒரு மேடுகூட எழும்பாத இடத்தில் அவள் பொத்தான் கிளிக்கென்று விழும்.

மெஷினைப் பார்த்துக்கொண்டவருக்கு நிமிஷம் என்று பெயர். ஐம்பத்தைந்து வயது. எதையும் நிமிடக் கணக்கில்தான் சொல்வார். மேஜை மேலேயே சாப்பிட்டு, சாப்பிட்ட விரலால் விசைகளைத் தட்டுவார். மூக்கக்கா அவரிடமிருந்து எப்போதும் நான்கடி தள்ளியே நிற்பாள். ஆனாலும் அங்கே அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

அவள் அந்த இடத்துக்கு வந்தது பாட்டில் கழுவ. ஆறு வருடம் கழுவினாள். ஒருநாள், கழுவி அடுக்கிய பாட்டில்களில் ஒன்றை எடுத்து, "இதுல இன்னும் ஆரஞ்சு இருக்கு," என்று திருப்பிக் கழுவப் போனவளை ஆய்வுக்கூடத் தலைவி டாக்டரம்மா பார்த்துவிட்டார். சோதித்தார்கள். இருந்தது. அப்போது கூம்பின் முன்னால் உட்கார்ந்திருந்த வயதானவர் சைனஸ் முற்றி நின்றுவிட்டிருந்த நேரம். பாட்டில்காரி மூக்கக்கா ஆனாள். மூன்று வருடம் ஆகிறது.

கூம்புக்கு எதிர்ச் சுவரில் பன்னிரண்டு வாசனைச் சொற்கள் எழுதியிருந்தன. கறுப்பு பெர்ரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். பிளாக்கரன்ட் என்று சொல்லும் அந்தக் குட்டிக் கறுப்பு பெர்ரியின் உயிரே பதினோராம் நிமிடத்தில் வருகிற ஒரு நாற்றம்தான். மூக்கக்கா முதல் நாளே சொன்னாள், "பூனை மூத்திரம்."

டாக்டரம்மாவின் முகம் சுளித்தது. "வேற நல்ல வார்த்தை இல்லையா?"

"பூனைகிட்டதான் கேக்கணும்."

சுவரில் அது 'பெர்ரியின் தனிக்குணம்' என்று ஏறியது. வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மூத்திரத்தை மூத்திரம் என்று சொன்னால்தானே, அதன் ஒரு துளி பழத்துக்குள் எத்தனை அழகாக மாறுகிறது என்று தெரியும்?

பட்டியலில் கடைசிச் சொல் 'வேர்மணம்'. இருபத்திரண்டாம் நிமிடத்தில், இனிப்புகளெல்லாம் போன பிறகு, ஈர மண்ணைக் கிளறியதுபோல ஒன்று மெல்ல வரும். அந்தச் சொல் அவள் கொடுத்தது. டாக்டரம்மா மெச்சிய ஒரே சொல். "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

எந்தப் பழம் வந்தாலும் முதலில் 'தாய் ஜாடி'யிலிருந்து ஒரு சிட்டிகை கூம்புக்கு வரும். குளிர்பெட்டியில் வைத்த தரமான பழம்; அதற்குப் பக்கத்தில் நிற்கிறதா என்றுதான் மற்றப் பழங்களுக்கு மார்க். ஆனால் ஜாடியை மூக்கக்கா கண்ணால் கண்டதில்லை. பழ மாதிரிகளை வைக்கும் 'மாதிரி அறை'க்குள் முகர்கிறவர்கள் போகக் கூடாது என்பது விதி. நிறத்தையோ லேபிளையோ பார்த்துவிட்டால் மூக்கு பொய் சொல்லத் தொடங்கிவிடுமாம்.

அவர்களுடைய பெரிய வாடிக்கை ஒரு சிரப் கம்பெனி. பெர்ரி சிரப். புட்டியில் கண்ணுக்கும் இதயத்துக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மாமனார் தினமும் காலையில் ஒரு மூடி குடிப்பார். "என் மருமக மோந்து பாத்த சரக்கு," என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. விவசாயிகளிடமிருந்து பழம் வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த மார்க்கை வைத்துத்தான் கம்பெனி முடிவு செய்தது. வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து அறிக்கையை வாங்கிப்போவார். மூன்று முறை தோற்ற தோட்டத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு சோதனைகளுக்கு நடுவில் மூக்குக்கு ஓய்வு கொடுக்க அவள் கீழே இறங்கி வந்தாள். வாசலில் காவலாளியோடு ஒரு பெண் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு அப்பிய பூட்ஸ், கையில் மூடிய கூடை.

"மாதிரிய தபால்லதான் அனுப்பணும்னா அனுப்பிட்டேன் அண்ணே. நான் உள்ள போய் அந்த ஆளப் பாக்கணும். அவ்வளவுதான்."

"எந்த ஆளும்மா?"

"மோந்து பாக்குறாளாமே ஒருத்தி. ரெண்டு தடவ என் பழத்துல வேர்மணம் இல்லன்னு எழுதிட்டா. பழத்துல எதுக்குய்யா வேர் மணக்கணும்? அவ மூக்குல என்னத்த அடைச்சு வச்சிருக்காளோ!"

மூக்கக்கா சுவரோரமாக நழுவப் பார்த்தாள். தோட்டக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க உள்ள வேல பாக்குறீங்களா?"

"பாட்டில் கழுவுறேன்," என்றாள் மூக்கக்கா. வாயில் வந்தது அதுதான்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. இந்தாங்க, காலைல பறிச்சது. இது மூணாவது தடவ. இதுவும் போச்சுன்னா செடியெல்லாம் வெட்டி அடுப்புலதான் போடணும். வேற யாரும் எங்க பக்கம் வாங்க மாட்டாங்க."

உள்ளங்கையில் ஒரு பிடி பழத்தைக் கொட்டினாள். மூக்கக்கா ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். புளிப்பு, இனிப்பு, இலை, பூனை, எல்லாம் வரிசையாக வந்து மூக்கின் பின்புறம் ஏறின. நல்ல பழம். ஆனால் கடைசியில் ஏதோ குறைந்தது. அவள் எழுதியது சரிதான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு மீதியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு படியேறினாள். அவளுடைய பொய்யே அவளுக்குக் கசந்தது.

அன்று மாலை வீட்டில் பாத்திரத் தொட்டியின் குழாய் ஒழுகியது. கணவர் வேலை முடிந்து வந்து, வாசல் சடங்கெல்லாம் முடிந்து, கைலியோடு தொட்டிக்கு அடியில் தவழ்ந்தார். "எப்பவோ தண்ணி வடிய சாக்கு போட்டு வச்சேனே, அது மக்கிப்போயிடுச்சு," என்று கிழிந்த சாக்கு ஒன்றை வெளியே இழுத்தார். கறுப்பாகி, வழுவழுவென்று, நரைத்த மயிர் மாதிரிப் பூஞ்சை பூத்த சாக்கு.

மூக்கக்கா இரண்டு எட்டு பின்வாங்கினாள். பிறகு நின்றாள். பிறகு, கணவர் வாய் பிளந்து பார்க்க, குனிந்து அந்தச் சாக்கின் மேல் முகத்தை வைத்தாள்.

"ஏய், என்னடி பண்ற? பைத்தியமா?"

கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல முகர்ந்தாள். முதலில் அழுகல். அதை ஒதுக்கினாள். பிறகு துரு. அதையும் ஒதுக்கினாள். அடியில், நூலிழை போல, ஈர மண். வேர்மணம். இருபத்திரண்டாம் நிமிடம்.

எழுந்து ஓடி வாந்தியெடுத்தாள்.

மாமனார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா? ஒரு மூடி சிரப் குடி."

அந்தப் புட்டியைத் திறந்து முகர்ந்தாள். அதிலும் அதே வாசம், சர்க்கரைக்கு அடியில் பதுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக ஏன் தெரியவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கூம்பின் வழியாக ஒரு நாற்றம் தனியாக, துளியாக, சுத்தமாக வந்து நிற்கும். இது பழத்தின் வாசம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் மூக்கு நம்பிவிடும். எங்கோ ஈரத்தில் புழுங்கிய பழத்தின் பூஞ்சையை அவள் மூன்று வருடமாக ரசித்திருக்கிறாள். பெயர் வைத்திருக்கிறாள். போதாததற்கு, பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவிகளுக்கு அதை முகரப் பழக்கியும் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் நேராக நிமிஷத்திடம் போனாள். முதல் தடவையாக நான்கடிக்குள்.

"அண்ணே, இந்தப் பழத்த ஓட்டணும். அப்புறம் தாய் ஜாடிய ஓட்டணும்."

"லன்ச்ல ஓட்டலாம். முப்பதும் முப்பதும் அறுபது, சூடு ஆற எட்டு. அறுபத்தெட்டு நிமிஷம்."

தோட்டக்காரியின் பழத்தில் இருபத்திரண்டாம் நிமிடம் வெறுமையாகப் போனது. வெறும் ஈரக்காற்று. தாய் ஜாடியில் பொத்தான் கிளிக்கென்று விழுந்தது. அவள் விதியை மீறி மாதிரி அறைக்குள் நுழைந்தாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். தாய் ஜாடி என்று எழுதிய ஜாடிக்கு வெள்ளை மூடி.

"இது நம்ம ஜாடி இல்லையேண்ணே. நம்ம ஜாடிக்கெல்லாம் பச்ச மூடி. ஆறு வருஷம் கழுவுனவளுக்குத் தெரியாதா? வெள்ள மூடி கம்பெனியோடது."

நிமிஷம் வாயில் இருந்ததை மென்று முடிக்கவில்லை. "மூணு வருஷம் முன்ன அந்த ஃப்ரீசர் ரிப்பேர் ஆச்சே, ஞாபகம் இருக்கா? லீவு முடிஞ்சு வந்து பாத்தா எல்லாம் உருகிக் கூழ்."

"பச்ச மூடி ஜாடிய நான்தான கழுவுனேன். புளிச்ச வாட."

"டாக்டரம்மா கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஒரு ஜாடி அனுப்பச் சொன்னாங்க. அவங்க கிடங்குல இருந்தத அனுப்புனாங்க. நான் லேபிள ஒட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை."

ஆக, கம்பெனியின் கெட்டுப்போன பழம்தான் மூன்று வருடமாக எல்லோருக்கும் தராசு. கெட்டதைப் போலவே கெட்டிருந்தால் நூற்றுக்கு நூறு. நன்றாக இருந்தால் குறை. எத்தனை தோட்டக்காரர்களுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள்? விரலை மடக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் எப்போதும் ஒரு மல்லிகைத் தெளிப்பான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் இல்லாத சலுகை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"நீங்க சொல்றது ஒரு வாதத்துக்குச் சரின்னே வச்சுக்குவோம். ஆனா பாருங்க, நேத்து உங்க வீட்டுல ஏதோ மக்கின சாக்குன்னு நீங்களே சொல்றீங்க. அந்த வாசன உங்க மூக்குலயே ஒட்டியிருக்கலாம் இல்லையா? உங்க வீடெல்லாம் கொஞ்சம் ஈரம்தானே?"

மூக்கக்காவுக்குக் காது சூடேறியது. "என் வீட்டு ஈரம் உங்க ஜாடிக்குள்ள எப்படிம்மா போச்சு?"

"மூணு வருஷ அறிக்கை வெளிய போயிருக்கு. இப்ப தப்புன்னா யார் நம்மள நம்புவாங்க? சத்து பாகம் சரியாத்தான் இருக்கு, ஜனங்க அதத்தான் படிக்கிறாங்க. அடுத்த வருஷம் ஜாடிய அமைதியா மாத்திடலாம். வெள்ளிக்கிழம வேலையப் பாருங்க."

பேசும்போதே மல்லிகையை ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

வெளியே நிமிஷம் காத்திருந்தார். தாழ்ந்த குரலில், "நான் ஒண்ணு சொல்லட்டா? அந்தத் தோட்டக்காரப் பொண்ணோட மாதிரி வெள்ளிக்கிழம கூம்புக்கு வருமில்ல. இருபத்திரண்டுல சும்மா பொத்தான அமுக்கிடு. வேர்மணம் இருக்குன்னு எழுது. பாஸ் ஆயிடுவா. யாருக்கும் வம்பு இல்ல. ஒரு செகண்ட் வேலை."

அவள் அதை யோசிக்காமல் இல்லை. வியாழன் முழுக்க யோசித்தாள். அவளுக்கும் வேலை தங்கும், தோட்டக்காரியும் பிழைப்பாள். ஆனால் நல்ல பழத்தின் மேல் பூஞ்சை நாற்றத்தைப் பூசித்தான் அதைக் காப்பாற்ற முடியும் என்றால்? அடுத்து வருகிற நல்ல பழத்துக்கும் பூச வேண்டும். அதற்கடுத்ததற்கும். நினைக்க நினைக்க, பேருந்தில் சென்ட் பூசி வருகிற கனவான்தான் கண்முன் வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வழக்கத்துக்கு மாறாக முதல் ஆளாக வந்தாள். மாதிரி அறைக்குப் போனாள். தாய் ஜாடியை எடுத்து, அன்றைய சோதனைக்கு ஒரு சிட்டிகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே டாக்டரம்மாவின் அறையில் சூடேற்றிக்குப் பக்கத்தில், கோப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். பிறகு போய்க் கூம்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

எண் மட்டும் எழுதிய பழ மாதிரி வந்தது. பதினோராம் நிமிடத்தில் பூனை வந்தது, கம்பீரமாக. இருபத்திரண்டு வந்தது. கை பொத்தானின் மேலேயே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிமிஷம் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு போயிற்று. அவள் அழுத்தவில்லை.

தாளில் எழுதினாள்: 'வேர்மணம் இல்லை. இருக்கக் கூடாது. அது பூஞ்சை. தாய் ஜாடி கெட்டது. மூன்று வருடமாக நான் எழுதியது தவறு.' தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

கம்பெனிக்காரர் பதினொன்றரைக்கு வந்தார். டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்று கைக்குட்டையை எடுத்தார். டாக்டரம்மா காலையிலிருந்து மூன்று முறை மல்லிகை அடித்திருந்தார். மல்லிகையும் பூஞ்சையும் கலந்து, செத்த வீட்டில் நாலாம் நாள் மாதிரி ஆகியிருந்தது அறை.

"என்ன டாக்டர், எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

மூக்கக்கா அலமாரிக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். உருகிய பழம் கரிய கூழாகி, மேலே நுரை கட்டியிருந்தது.

"எலி இல்ல சார். உங்க கிடங்குப் பழம். சுத்தமான பெர்ரி வாசம்னா இதுதான்னு மூணு வருஷமா உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். நல்லா மோந்து பாருங்க, இதுக்கு மெஷின் வேணாம்."

அவர் வெள்ளை மூடியில் இருந்த தன் கம்பெனி முத்திரையைப் பார்த்தார். பிறகு அவள் நீட்டிய தாளைப் படித்தார். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாய் திறந்தார். திறந்ததும் நாற்றம் உள்ளே போயிருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"இத மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போங்க," என்றார் கம்பெனிக்காரர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "அந்தத் தோட்டத்துப் பழத்த எடுத்துக்குறோம். எல்லாத்தையும் எடுத்துக்குறோம். இந்தத் தாள் மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

இருக்கவில்லை. தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது: ஒப்பு மாதிரி புதுப்பிக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். பூஞ்சை என்ற சொல் இல்லை, தவறு என்ற சொல் இல்லை. சுவரில் பன்னிரண்டாவது சொல்லின் மேல் வெள்ளையடித்திருந்தார்கள். மற்றத் தோட்டக்காரர்களுக்குக் கடிதம் போட வேண்டும் என்று மூக்கக்கா இரண்டு முறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்டபோது, அவள் மூக்குக்குக் கொஞ்ச நாள் ஓய்வு தேவை என்று டாக்டரம்மா அன்பாகச் சொல்லி, பாட்டில் கழுவும் அறைக்குத் திருப்பி அனுப்பினார்.

முதலில் கழுவ வந்தது அந்த ஜாடி. நான்கு முறை வெந்நீர் ஊற்றினாள், இரண்டு முறை சலவைக் காரம். கண்ணாடி நாற்றத்தை விட்டது, வெள்ளை மூடியின் ரப்பர் வளையம் விடவில்லை. மூடியைக் குப்பையில் எறிந்து, கையை முழங்கை வரை தேய்த்தாள். வேறு யாருக்கும் வராத அந்த வாசம் அவள் விரலிடுக்கிலேயே இருந்தது.

நிமிஷம் எட்டிப் பார்த்தார். "தோட்டக்காரப் பொண்ணு வாசல்ல வந்திருக்கு. பாட்டில் கழுவுற அக்காவுக்குன்னு ஒரு கூட. அஞ்சு நிமிஷமா நிக்குது."

"வாங்கிக்கோங்க. நான் வரல." அவளை நேரில் பார்க்க மூக்கக்காவுக்குக் கூசியது.

வீட்டில் இப்போது சோப்பு வாங்கினார்கள். கணவர் சட்டையோடு உள்ளே வந்தார். யாரும் தடுக்கவில்லை என்றதும் அவரே திரும்பிப் போய் வாளியில் போட்டுவிட்டு வந்தார், பழக்கதோஷம்.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பருவத்துச் சிரப் கடைக்கு வந்தது. தோட்டக்காரியின் பழம் சேர்ந்த சிரப். மூக்கக்கா தானே ஒரு புட்டி வாங்கி வந்து மாமனாருக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். மாமனார் ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். மூடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ஏதோ குறையுதேம்மா."

"என்ன மாமா குறையுது?"

"தெரியல. முன்னெல்லாம் கடைசில ஒரு வாசம் வரும். மண்ணு மாதிரி. அது இருந்தாத்தான் மருந்து குடிச்ச மாதிரி இருக்கும். ஏமாத்துறானுங்க." மூடியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். "முக்குக் கடைல பழைய சரக்கு நாலு புட்டி இருக்குன்னான். தீர்றதுக்குள்ள வாங்கிட்டு வந்துடுறேன்."

"வேணாம் மாமா. அது கெட்டுப் போன சரக்கு."

"நீதானம்மா மோந்து பாத்துக் கையெழுத்துப் போட்ட!"

அவர் படியிறங்கிப் போனார். மூக்கக்கா தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, மறுபடியும் கையைக் கழுவத் தொடங்கினாள்.